நடிக்க வந்தவன் என்று நினைத்தாள்

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு அவன் உள்ளே வந்தபோது, வெளியே பெய்த மழையில் பாதி அவனோடு சேர்ந்து உள்ளே வந்தது.

காத்திருப்பு அறையில் ரென்ஸ்கே மட்டும்தான் இருந்தாள். நான்கு நாற்காலிகள், ஒரு காபி எந்திரம், கை கழுவும் தொட்டி, அதற்கு மேலே ஒரு கண்ணாடி. அவன் தலையிலிருந்து சொட்டிய தண்ணீர் தரையில் தேங்கி, மெல்ல நகர்ந்து, அவளுடைய பையைத் தேடி வந்தது. அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

சாம்பல் நிறக் கண்கள்… இமை நுனியில் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

கண் அசைவுச் சோதனைக்கு இந்த அறைதானே என்று கேட்டான். அவள் தலையசைத்தாள். அவன் மழைக்கோட்டைக் கழற்றப் பார்த்தான். கழுத்தடியில் ஜிப் சிக்கிக்கொண்டது. இழுத்தான்… குனிந்தான்… தன் கழுத்தைத் தானே பார்க்க முடியாது என்பது அப்போதுதான் தெரிந்தவன் மாதிரி விழித்தான். பிறகு காது மடல் சிவக்க, "கொஞ்சம் உதவி பண்றீங்களா?" என்றான்.

ரென்ஸ்கேக்குள் மணி அடித்தது. நீங்கள் நினைக்கிற மணி இல்லை. அபாய மணி.

'ஆரம்பிச்சாச்சு…' என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் அப்படி நினைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகத்தில் உளவியல் பட்டப்படிப்பில் சேருகிற எவரும் முதலாம் ஆண்டு முடிவதற்குள் இருபது மணி நேரம் பிறருடைய ஆராய்ச்சிக்குத் தங்களையே கொடுக்க வேண்டும். கொடுக்காதவருக்கு இரண்டாம் ஆண்டு கிடையாது. ஒளிப்புள்ளிகளை எண்ணச் சொல்வார்கள், ஐஸ் தண்ணீரில் கையை வைக்கச் சொல்வார்கள், முன்பின் தெரியாத முகங்களைக் காட்டி இவர் நல்லவரா என்று கேட்பார்கள். சில சோதனைகளில் கொஞ்சம் கள்ளத்தனமும் உண்டு. ஒன்றைச் சொல்லி வரவழைத்து, உள்ளுக்குள் வேறொன்றை அளப்பார்கள். சோதனை நடப்பது அறைக்குள் இல்லை, காத்திருக்கிற இடத்தில்தான் என்று சீனியர்கள் ஜூனியர்களைப் பயமுறுத்துவது வழக்கம்.

ரென்ஸ்கேயை யாரும் பயமுறுத்தத் தேவையில்லை. அவள் பட்டவள்.

அக்டோபரில், இதே மாதிரி ஓர் அறையில், ஒரு பையன் அழுதுகொண்டிருந்தான். பூனை காணாமல் போய்விட்டதாம். ரென்ஸ்கே தன் சீஸ் ரொட்டியில் பாதியை அவனுக்குக் கொடுத்தாள். பூனையின் அடையாளம் கேட்டு நோட்டில் ஒரு விளம்பரம் எழுதினாள். பூனை கிடைக்காவிட்டாலும் பேசத் தோன்றினால் கூப்பிடு என்று கீழே தன் நம்பரையும் எழுதிக் கொடுத்தாள். அவள் கை அவன் தோள் மேல் இருந்தபோது கதவு திறந்தது. சோதனை முடிந்தது, மிக்க நன்றி என்றார்கள். தனியாக இருக்கும்போது மனிதர்கள் உதவுகிறார்களா என்று பார்த்தார்களாம். அந்தப் பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோட்டை எடுத்துக்கொண்டு, அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனான். நோட்டுத் தாள் நாற்காலியிலேயே கிடந்தது.

எல்லாரும் சிரிக்கிற மாதிரி அவளும் சிரித்துவிட்டுத்தான் வந்தாள். வீட்டுக் குளியலறையில் அழுதாள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. டிசம்பரில் ஒருநாள் கால்வாய்ப் பாலத்தில் ஒரு பெரியவர் சைக்கிளோடு சறுக்கி விழுந்தார். ரென்ஸ்கே ஓடிப்போய்த் தூக்கினாள், உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் மூன்று விநாடி நின்று, கேமரா எங்கே என்று சுற்றிலும் தேடினாள். பெரியவரின் உள்ளங்கையில் ரத்தம் நிஜமாகவே வழிந்துகொண்டிருந்தது. அந்த மூன்று விநாடியை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது ஏப்ரல். பத்தொன்பது மணி நேரத்தை முடித்துவிட்டாள். இது இருபதாவது… கடைசி. இனி ஒருத்தன் தன்னை ஏமாற்றிவிட்டுக் கோட்டை எடுத்துக்கொண்டு போக முடியாது என்ற தீர்மானத்தோடு வந்து உட்கார்ந்திருந்தாள்.

அதனால் எழுந்து, இரண்டு விரலால், எட்ட நின்றே ஜிப்பைப் பிடித்தாள். அவன் மூச்சு அவள் நெற்றியில் பட்டது. ஈரக் கம்பளியும் பெப்பர்மின்டும் கலந்த வாசனை. 'நடிக்க வந்தவனுக்கு இவ்வளவு நல்ல கண்ணு எதுக்கு? வேஸ்ட்…'

ஜிப் விட்டுக்கொடுத்தது.

"பூனைக்கு இது பரவால்ல," என்றாள்.

"எந்தப் பூனை?"

"ஒண்ணுமில்ல. நீங்க உங்க வேலையைப் பாருங்க."

அவனுக்குப் புரியவில்லை. ஆனால் சிரித்தான். ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்து, தன் பெயர் யோரிட் என்றான். பேர்கூட வைத்துக் கொடுத்திருக்கிறார்களே என்று அவள் ரசித்தாள். ஏமாறாமல் இருப்பதில் ஒரு சுகம் இருக்கிறதல்லவா… மந்திரவாதி சீட்டை ஒளிக்கிற இடம் தெரிந்துவிட்டால், வித்தையைப் பயமில்லாமல் பார்க்கலாம். அவளுக்கு அவனைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆவல் பொங்கியது.

"எவ்வளவு நாளா இந்த வேலை?"

"செப்டம்பர்லேர்ந்து." அவன் படிப்பைச் சொன்னான்.

"பயிற்சி எல்லாம் குடுத்தாங்களா?"

"எதுக்கு, ஜிப்புக்கா?"

அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. நல்ல பதில். எழுதிக் கொடுத்தவன் கெட்டிக்காரன்.

ஏன் உளவியல் படிக்க வந்தாய் என்று கேட்டாள். மாட்டிக்கொள்வான் என்று பார்த்தாள். அவன் மாட்டிக்கொள்ளவில்லை. தான் கடலுக்குள் இருக்கிற டெஸல் தீவைச் சேர்ந்தவன் என்றான். உயர்நிலைப் பள்ளிக்கூடம் போன ஆறு வருடமும் தினமும் கப்பலில் கரைக்கு வந்து போனவன். இருநூறு இருக்கை இருக்கும். யாருக்கும் இடம் ஒதுக்கவில்லை. ஆனாலும் தினமும் அதே ஆள் அதே இடத்தில்தான் உட்கார்வார். ஒருநாள் வேண்டுமென்றே ஒரு பாட்டியின் இடத்தில் இவன் போய் உட்கார்ந்தான். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்திலேயே நின்றுகொண்டு கரை வரும் வரை இவனையே பார்த்தாளாம். மனுஷங்க ஏன் இப்படி இருக்காங்க என்று அன்றைக்குப் பிடித்த பைத்தியம், இங்கே கொண்டுவந்து விட்டது என்றான்.

ரென்ஸ்கே அந்தக் கப்பலைக் கண்ணால் பார்த்த மாதிரி உணர்ந்தாள். 'இது மட்டும் பொய்யா இல்லாம இருந்தா…' என்று ஓர் ஆசை எட்டிப் பார்த்தது. அதன் தலையில் ஒரு குட்டு வைத்து உட்காரவைத்தாள்.

உங்களை எது இழுத்து வந்தது என்று அவன் கேட்டான். வேறு யாராவது கேட்டிருந்தால் மழுப்பியிருப்பாள். இவன் நிஜமில்லாதவன். சுவரிடம் சொல்வதில் என்ன வெட்கம்? அவள் சொன்னாள்… ஆசன் என்ற சிறு நகரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பால் பண்ணை வைத்திருக்கும் அப்பா, நாற்பது பசுவிடமும் பேர் சொல்லிப் பேசுவார், பெற்ற பெண்ணிடம் மட்டும் வானிலை பேசுவார். கொட்டகைக் கதவுக்கு வெளியே நின்று, பசுக்களிடம் அப்பா தன்னைப் பற்றி ஏதாவது சொல்கிறாரா என்று எட்டு வயதில் ஒட்டுக்கேட்டிருக்கிறாள்.

"சொன்னாரா?" என்றான் யோரிட், மெதுவாக.

"ஒரே ஒரு தடவை." அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபமும் வந்தது. சுவரிடம் சொல்லும்போது முகத்தை ஏன் திருப்ப வேண்டும்?

ஜன்னலில் மழை ஓங்கி அடித்தது. அவன் எழுந்து நின்றான். ஈரக் கையை ஈரப் பேன்ட்டிலேயே துடைத்தான். குரல் லேசாக நடுங்கியது.

"உங்களை எனக்குத் தெரியும். புள்ளியியல் வகுப்புல, இடது பக்கம் ஓரமா உட்காருவீங்க. வாத்தியார் ஜோக் சொன்னா, எல்லாரும் சிரிக்கறதுக்கு ஒரு விநாடி முன்னாடி நீங்க சிரிப்பீங்க. நானூறு பேர்ல நீங்க ஒரு ஆள்தான். மூணு வாரமா அந்த ஒரு விநாடிக்காகத்தான் அந்த வகுப்புக்கே வரேன்… எனக்குப் புள்ளியியல் சுத்தமாப் பிடிக்காது."

ரென்ஸ்கேக்கு மூச்சு நின்றது. ஒரு கணம்தான். பிறகு அக்டோபர் ஞாபகம் வந்தது. நாற்காலியில் கிடந்த அந்தத் தாள் ஞாபகம் வந்தது. இவர்கள் வகுப்பில் வந்து உளவு பார்க்கிற அளவுக்குப் போய்விட்டார்களா? நிதானமாகக் கை தட்டினாள்.

"வசனத்துக்குப் பத்துக்கு ஏழு. நடிப்புக்கு ஆறரை. கடைசியில குரல் கொஞ்சம் ஓவரா நடுங்குது."

தொட்டிக்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்த்து, அதன் பின்னால் ஒளிந்து பார்ப்பவர்களுக்காகக் கையும் ஆட்டினாள்.

அவன் முகத்தில் இருந்த வெளிச்சம் போய்விட்டது. நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தான். இதையும் நன்றாகத்தான் செய்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. கையில் காபிக் கோப்பையோடு ஆராய்ச்சி மாணவி ஒருத்தி எட்டிப் பார்த்து, நீங்க ரெண்டு பேரும் இன்னும் இங்கேயா என்றாள். கண் அசைவை அளக்கிற எந்திரம் நேற்றே பழுதாகிவிட்டதாம். சோதனை ரத்து என்று அனுப்பிய மெயில் வரவில்லையா என்று கேட்டாள்.

"சரி… சோதனை இந்த அறையிலதானே?" என்றாள் ரென்ஸ்கே.

"இல்லையே. இது சும்மா உட்கார்ற இடம்."

"அப்போ அந்தக் கண்ணாடி?"

அது முகம் பார்க்கிற கண்ணாடி என்றாள் அந்தப் பெண், பொறுமையாக.

ரென்ஸ்கேயின் காதுகளில் ரத்தம் இரைந்தது. யோரிட் தன் ஈரக் கோட்டை எடுத்தான். கழுத்து வரை ஜிப்பை இழுத்து மூடினான், இந்த முறை சிக்கவில்லை. கதவருகில் நின்று, அவளைப் பார்க்காமல், "ஏழும் ஆறரையும்… பாஸ்தான் இல்ல?" என்றான். போய்விட்டான்.

அன்று மாலை, சமையலறையில் வீட்டுத்தோழி மாய்கேயிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். மாய்கே இரண்டாம் ஆண்டு உளவியல். முதலாம் ஆண்டுக்கான பேச்சுப் பயிற்சி வகுப்பில் உதவியாளரும்கூட. அவள் உருளைக்கிழங்கு மசிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஏண்டி, ஒருத்தன் நனைஞ்சு நடுங்கி மனசைத் திறந்து காட்டறான், நீ மார்க் போட்டியா?"

"நடிகன்னு நினைச்சேன்டி."

"கண்ணாடிக்கு டாட்டா வேற காட்டியிருக்க." மாய்கே கரண்டியை ஆட்டினாள். "ரென்ஸ்கே, அவன் பாவம். ஆனா நீ அவனை விடப் பாவம். இனிமே உனக்குப் பிடிச்சவன் யார் வந்து நின்னாலும் நீ கேமராவைத்தான் தேடப் போற."

ரென்ஸ்கே திடுக்கிட்டாள். பாலத்துப் பெரியவரைப் பற்றி மாய்கேக்குத் தெரியாது. தெரியாமலே சரியான இடத்தில் குத்திவிட்டாள். இப்படியே போனால் என்ன ஆகும் என்று ரென்ஸ்கே அன்றிரவு யோசித்தாள். மனிதர்களைப் படிக்க வந்தவள், ஒரு மனிதரைக்கூட நம்ப முடியாதவளாகப் பட்டம் வாங்கிக்கொண்டு போவாள். அந்தச் சாம்பல் கண்களை நினைத்தாள். அவன் மறுபடி தன்னைப் பார்க்க வேண்டும்… அதைவிட, அவனைத் தான் நம்பிப் பார்க்க வேண்டும். அது முடியுமா என்றே அவளுக்குத் தெரியவில்லை.

இருபதாவது மணி நேரத்தை மறுநாள் ஒளிப்புள்ளிகளை எண்ணி முடித்தாள். எண்ணிக்கை எல்லாம் தப்பு.

வெள்ளிக்கிழமை புள்ளியியல் வகுப்பில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். யோரிட் கடைசி வரிசைக்குப் போயிருந்தான். வாத்தியார் சராசரியைப் பற்றி ஒரு ஜோக் சொன்னார். நானூறு பேரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. இடைவேளையில் படியேறிப் போனாள். அவன் மரியாதையாகத் தலையசைத்து, கப்பலைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லி, பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான். அடுத்த வாரம் நடுவில் மறுபடி ஒரு தடவை. அவன் கப்பல் அன்றைக்கும் அவசரமாகவே கிளம்பியது.

அவர்கள் ஊர்ப் பக்கம் மன்னிப்பு கேட்பதற்கு நல்ல ஒரு கார்டும் கேக்கும் போதும் என்பார்கள். ரென்ஸ்கே கார்டு வாங்கினாள். எழுதிப் பார்த்தாள். படித்தால் வசனம் மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டாள்.

கடைசியில் மாய்கேயைப் பிடித்தாள். தன்னுடைய செவ்வாய்க்கிழமைப் பேச்சுப் பயிற்சிக் குழுவிலிருந்து, யோரிட் இருக்கும் வியாழக்கிழமைக் குழுவுக்கு மாற்றிவிடச் சொல்லிக் கெஞ்சினாள். மாறக் காரணம் என்னவென்று பட்டியலில் எழுத வேண்டும் என்றாள் மாய்கே. சொந்தக் காரணம் என்று எழுதிக்கொள் என்றாள் ரென்ஸ்கே.

வியாழக்கிழமை. பன்னிரண்டு பேர், சின்ன அறை. ரென்ஸ்கே உள்ளே வந்ததும் யோரிட்டின் பேனா கீழே விழுந்தது. ஆசிரியை வீர்ஸ்மா அன்றைய பயிற்சியைச் சொன்னார். இரண்டிரண்டு பேராக உட்கார வேண்டும். ஒருவர் தனக்கு நிஜமாக நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நடிப்பு கூடாது. மற்றவருக்கு மூன்றே வேலை: கேட்பது, கேட்டதைச் சுருக்கிச் சொல்வது, மேலே கேட்பது. சமாதானம் சொல்லக் கூடாது, தன் பக்க நியாயம் பேசக் கூடாது. சுருக்கம் தப்பாக இருந்தால் சொன்னவர் திருத்தலாம்.

ஜோடி சேரச் சொன்னதும் ரென்ஸ்கே நேராகப் போய் அவன் எதிரில் நாற்காலியைப் போட்டாள்.

"நீங்க முதல்ல பேசுங்க," என்றாள். "நான் குறுக்க பேச முடியாது. விதி."

அவன் வெகுநேரம் ஜன்னலைப் பார்த்தான். பேச மாட்டானோ என்று அவள் பயந்தாள். பிறகு, அவளை யாரோ மூன்றாம் மனுஷியாக வைத்தே பேச ஆரம்பித்தான். ஒரு பெண்ணை மூன்று வாரம் தூரத்திலிருந்து பார்த்ததையும், ஒரு மழை நாளில் அவள் பக்கத்தில் உட்காரக் கிடைத்ததையும், யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னதையும், அவள் கை தட்டியதையும் சொன்னான்.

ரென்ஸ்கே உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். "அப்போ நீங்க சொல்றது… அந்தப் பொண்ணு உங்களை நடிகன்னு நினைச்சதுல உங்களுக்குக் கோபம்."

"இல்ல. தப்பு." அவன் யோசித்து யோசித்துத் திருத்தினான். "கோபம் இல்ல. நான் என் வாழ்க்கையிலயே ரொம்ப நிஜமா இருந்தது அந்த ஒரு நிமிஷம்தான். அதுவே பார்க்கிறவங்களுக்குப் பொய் மாதிரி தெரியுதுன்னா… அப்புறம் என்கிட்ட எது நிஜமாத் தெரியும்?"

'அது உங்க தப்பு இல்ல' என்று அவள் நாக்கு நுனி வரை வந்தது. சமாதானம். கூடாது. விழுங்கினாள். மேலே கேட்டாள்.

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் எங்க அம்மாகிட்ட போன்ல பேசறப்பகூட, இது வசனம் மாதிரி இருக்கான்னு எனக்கு நானே கேட்டுக்கறேன்."

ரென்ஸ்கேக்குக் கண் கரித்தது. அக்டோபரில் தன்னைத் தொற்றிய வியாதியை, தன் கையாலேயே இவனுக்குத் தொற்றவைத்திருக்கிறாள்.

"அவ உங்களை நம்பல," என்றாள் மெதுவாக. "அதனால இப்போ நீங்களே உங்களை நம்பல."

அன்று முதல் முறையாக அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். ஆமாம் என்று தலையசைத்தான். நேரம் முடிந்தது, ஆள் மாறுங்கள் என்றார் ஆசிரியை.

இப்போது அவள் முறை. பூனையைச் சொன்னாள், நாற்காலியில் கிடந்த தாளைச் சொன்னாள். பாலத்தையும், பெரியவரின் கையையும், தான் கேமரா தேடி நின்ற மூன்று விநாடியையும் சொன்னாள். அவன் குறுக்கே பேசவில்லை. கண்ணை எடுக்கவும் இல்லை.

"நீங்க அந்த ஒரு விநாடியைப் பத்திச் சொன்னப்ப எனக்கு மூச்சே நின்னுடுச்சு. இது மட்டும் பொய்யா இருந்தா என்னால தாங்க முடியாதுன்னு தோணிச்சு. அதான்… நீங்க கோட்டை எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி நானே மார்க் போட்டு அனுப்பிட்டேன்." அவள் குரல் உடைந்தது. "அந்த ஆராய்ச்சிப் பொண்ணு உள்ள வந்து, சோதனையே இல்லன்னு சொன்னாங்களே… அவமானம் எல்லாம் அப்புறமாத்தான் வந்துச்சு. முதல்ல வந்தது சந்தோஷம்."

சுற்றிலும் ஐந்து ஜோடிகள் முணுமுணுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். யோரிட் கைகளைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான்.

"அப்போ நீ சொல்றது…" என்றான். இதுவரை நீங்க என்றவன், முதல் முறையாக நீ என்றான். "உனக்கு என்னைப் பிடிச்சிருக்கு."

அவள் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. வேண்டுமென்றால் திருத்தலாம், விதியில் இடம் இருக்கிறது. அவன் குரல் அன்றைக்கு மாதிரியே கடைசியில் நடுங்கியதை அவள் கேட்டாள். கேமராவைத் தேடவில்லை. அவனை மட்டும் பார்த்தாள்.

கையில் அட்டையோடு ஆசிரியை வீர்ஸ்மா அவர்கள் மேஜைக்கு வந்து நின்றார். எல்லா ஜோடியிடமும் கேட்கிற கேள்வியை இவர்களிடமும் கேட்டார். "கேட்டவர் சொன்ன சுருக்கம் சரியா இருந்துச்சா?"

"சரியா இருந்துச்சு," என்றாள் ரென்ஸ்கே, அவன் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்காமல். "எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு."